லிங்கனின் ‘எதிரிகள் அமைச்சரவை’: மேடையில் எங்கே சறுக்கும்?

கேள்வி: கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ‘எதிரிகளை அமைச்சராக்கிய லிங்கன்’ என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதை வைத்துப் பேசலாம்? எங்கே தவறு வரும்?

பதில்: முதல் சறுக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க அதிபர் லிங்கன் அமைச்சராக்கிய சீவார்ட், சேஸ், பேட்ஸ், கேமரன் நால்வரும் எதிரிகள் அல்ல; 1860-இல் சிகாகோ மாநாட்டில் குடியரசுக் கட்சி வேட்பாளராக லிங்கனோடு மோதிய சொந்தக் கட்சிக்காரர்கள். ஆளுக்கொரு கோஷ்டி வைத்திருந்தவர்கள். வெளியே விட்டால் தலைவலி. வெறும் பெருந்தன்மை என்றால் நடுவர் மடக்கிவிடுவார். ஸ்டான்டனையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். 1855-இல் சின்சினாட்டி வழக்கொன்றில் லிங்கனை மதிக்காமல் ஒதுக்கியவர். கேமரன் இடத்துக்கு, போர்த் துறை அமைச்சராக, 1862 ஜனவரியில்தான் வந்தார்.

நால்வர் கதையையும் ஐந்து நிமிடத்தில் அடைக்க வேண்டாம். 1862 டிசம்பர் ஒன்றே போதும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 13-ஆம் தேதி ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் லிங்கன் தரப்புக்குப் படுதோல்வி. பழி வெளியுறவு அமைச்சர் சீவார்ட் தலையில் விழுந்தது. அமைச்சரவையோடு கலந்துபேச விடாமல் இவர்தான் அதிபரை ஆட்டிவைக்கிறார் என்று சொந்தக் கட்சி செனட்டர்களே கொதித்தார்கள். அவர்கள் காதில் ஓதியவர் நிதியமைச்சர் சேஸ். சீவார்ட் ராஜினாமா கடிதம் அனுப்பிவிட்டார்.

18-ஆம் தேதி வந்த செனட்டர் குழு சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட லிங்கன், மறுநாள் இரவும் வரச்சொன்னார். வந்து பார்த்தால், சீவார்ட் தவிர மொத்த அமைச்சரவையும் அங்கே! முக்கிய விஷயங்களை நாம் கூடிப் பேசுகிறோமா இல்லையா என்று அவர்கள் முன்னாலேயே அமைச்சர்களைக் கேட்டார். சேஸ் ‘இல்லை’ என்றால் அதிபரோடு மோதல். ‘ஆம்’ என்றால் செனட்டர்களிடம் சொன்னது பொய். மென்று விழுங்கி, பெரும்பாலும் பேசுகிறோம் என்று ஒப்புக்கொண்டார்.

20-ஆம் தேதி காலை சேஸும் ராஜினாமா கடிதத்தோடு வந்தார், கொடுக்கத் தயங்கினார். லிங்கன் எட்டி வாங்கிக்கொண்டார். இந்த இடத்தை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். கடிதம் இரண்டு; சீவார்டை அனுப்பு என்பவர்கள் இனி சேஸையும் இழக்க வேண்டும். பையின் இரு முனையிலும் ஒவ்வொரு பூசணிக்காய், இனி குதிரையில் போகலாம் என்றாராம் லிங்கன். சுமை ஒரு பக்கமே இருந்தால் பை சரியும். அதுதான் பூசணிக் கணக்கு. இருவரையும் பதவியில் தொடரச் சொன்னார்.

“அப்புறம் சேஸ் என்ன ஆனார்?” என்று நடுவர் கேட்கலாம். 1864 ஜூன் கடைசியில் மறுபடி ராஜினாமா கொடுத்தார். அந்த முறை லிங்கன் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் அவரையே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் நியமித்தார்.