தீ பட்ட பைன் காடு பிழைக்குமா?

ஊட்டியில் பைன் காட்டுக்குள் நடந்தோம். தரை முழுக்கச் சருகு மெத்தை. ஒரு தீக்குச்சி விழுந்தால் அத்தனை மரமும் போய்விடாதா?
– பொள்ளாச்சி வாசகி

எந்தப் பைன், எப்படிப்பட்ட தீ என்பதைப் பொறுத்ததுங்க. முதலில் ஒன்று, தென்னிந்திய மலைகளில் தானாக வளர்ந்த பைன் கிடையாது, ஊட்டியில் இருப்பவை நட்டு வளர்த்தவை. தீயோடு பழகிய பைனும் உண்டு, அமெரிக்காவின் தென்கிழக்கில் லாங்லீஃப் பைன் என்று ஒரு மரம். முளைத்ததும் உயரவே உயராது. சில வருஷம் புல் கொத்து மாதிரி தரையோடு உட்கார்ந்துகொண்டு வேரை மட்டும் ஆழமாக இறக்கும். மேலே தீ ஓடினால் சுற்றியுள்ள ஊசியிலைகள் கருகும், அவை பொத்திவைத்த நடுக்குருத்து தப்பிவிடும். அப்புறம் மளமளவென்று வளர்ந்து குருத்தைத் தீக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். சில வருஷத்துக்கு ஒரு முறை தரைத்தீ வராவிட்டால்தான் அதற்குக் கஷ்டம், மற்ற மரங்கள் நெருக்கி அதன் கன்றுகள் நிழலிலேயே செத்துப்போகும்.

தீ பட்டால்தான் பைன் காய் வெடிக்கும் என்பது உண்மையா?
– கோபி வாசகர்

எல்லாப் பைனுக்கும் இல்லை. வட அமெரிக்காவின் மேற்கில் வளரும் லாட்ஜ்போல் பைனில் பல மரங்களின் காய்களைப் பிசின் இறுக ஒட்டிவைத்திருக்கும், சூட்டில் அது உருகினால்தான் செதில் விரிந்து விதை கொட்டும். அந்த மரம் நிறைந்த அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988இல் ஏறக்குறைய 8 லட்சம் ஏக்கரில் தீ பரவியது. கருகிய மரங்களுக்கு அடியிலேயே கன்றுகள் நெருக்கமாக முளைத்து வந்தன.

அப்படியானால் நம் காட்டிலும் முன்கூட்டியே தீ வைத்துவிட்டால் பங்குனியில் பெருந்தீ வராதே?
– அந்தியூர் வாசகர்

பர்கூர், தாளவாடிப் பக்கம் இருக்கும் சோளகர் பழங்குடியினரிடம் கேட்டால் 'தரகு பெங்கி' என்பார்கள், சருகுத்தீ. புல் முழுக்கக் காய்வதற்கு முன்பே, தாழ்வாக ஓடவிடும் தீ. வனச் சட்டங்கள் வந்தபின் அது நின்றுபோனது. அன்று அவர்கள் கொளுத்திய காடு வேறு, இன்று நாம் பார்க்கிற காடு வேறு. இப்போது உண்ணிச்செடி (லாந்தனா) ஆள் உயரத்துக்கும் மேலே மண்டி, மரக்கிளை வரை கொடி மாதிரி ஏறிக்கிடக்கிறது. அதில் தீ பிடித்தால் ஏணி வைத்ததுபோல் உச்சிக்குப் போய்விடும். எரிந்தபின் அடிக்கட்டையிலிருந்து முதலில் துளிர்ப்பதும் அதேதான். அதனால் முதல் வேலை அதை வேரோடு பிடுங்குவது. பைன் காட்டில்கூட சும்மா கொளுத்துவதில்லை, மண் தெரியும்வரை கோடு வெட்டி, காற்று ஒரே திசையில் நிதானமாக வீசுகிற நாளாகப் பார்த்து, தீ காற்றுக்கு எதிராக ஊர்ந்து போகும்படி வைப்பார்கள். உயர்ந்த மலைகளில் இருக்கும் ஈரமான சோலைக்காட்டில் எந்தத் தீயும் கூடாது, அந்த மரங்களுக்குத் தீயைத் தாங்கிப் பழக்கமில்லை.

எங்கள் கொறங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) காய்ந்த புல்லைக் கொளுத்தலாமா?
– காங்கேயம் வாசகர்

வேண்டாங்க. மாட்டை விடுங்கள், காய்ந்த கொழுக்கட்டைப்புல்லையும் அது மேயும். கொளுத்தினால் கிளுவை உயிர்வேலியும் சேர்ந்து போய்விடும். பழையபடி வேலி அடைய எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.