வர்த்தகப் பற்றாக்குறை இவ்வளவு ஏறியும் மக்கள் ஏன் கண்டுகொள்வதில்லை?

பெட்ரோல் ஒரு ரூபாய் ஏறினால் அன்றைக்கே தெரியும். வர்த்தகப் பற்றாக்குறை யாருடைய பில்லிலும் தனியாக வருவதில்லை, அதுதான் காரணம். 2024-25இல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி சுமார் 437 பில்லியன் டாலர், இறக்குமதி சுமார் 720 பில்லியன். இந்த இடைவெளிதான் வர்த்தகப் பற்றாக்குறை: 280 பில்லியனுக்கும் மேல்.

திருப்பூரில் இருக்கும் எங்களுக்கு இது இன்னும் கண்ணில் படாது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. 'நாமதான் டாலர் கொண்டு வர்றோமே' என்ற நினைப்பு. ஆனால் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள் போய் மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள்: ஜெர்மனி, தைவான், சீனா.

சமையலறையும் அப்படித்தான். காங்கேயம் பக்கம் எங்கு பார்த்தாலும் கொப்பரைக் களங்கள். ரேஷன் பையிலோ பாமாயில் பாக்கெட். அது இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் பல வருடமாகக் கேட்கிறார்கள். அதை அவர்கள் பிரச்சினை என்று நாம் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அப்புறம் ஏன் நாடு திணறவில்லை? ஐ.டி. போன்ற சேவை ஏற்றுமதியும் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணமும் பள்ளத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடுகின்றன. ஆனால் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான் என்பதால், உலகச் சந்தையில் அதன் விலை எகிறினால் பள்ளம் சட்டென்று ஆழமாகும். பள்ளம் நிரம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1991இல் பார்த்தோம்: டாலர் கையிருப்பு வற்றி, தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம்.