கோழிக்குக் கால் வளையம்: கேட்டவையும் சொன்னவையும்

பண்ருட்டியிலிருந்து: அண்ணே, 40 நாட்டுக்கோழி இருக்கு, பாதிக்கு மேல் செவலை. எது முட்டையிடுது, எது சும்மா தின்னுதுன்னு வளையம் போட்டால் தெரியுமா?

எது எந்தக் கோழி என்று தெரியும். இடுகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இரவில் கோழி அடைந்ததும் ஒவ்வொன்றாகப் பிடித்து, முட்டை வரும் வாயின் இருபக்கமும் தட்டுப்படும் எலும்புகளுக்கு நடுவே விரலை வையுங்கள். இடுகிற கோழிக்கு இரண்டு மூன்று விரல் போகும், இடாததற்கு ஒன்று போவதே கஷ்டம். வளையத்தின் எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். நோட்டு இல்லாத வளையம் வெறும் கொலுசுதான். ஒருமுறை பார்த்துவிட்டுச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அடை கிடப்பதும் இறகு உதிர்ப்பதும் அந்தச் சமயத்தில் இடாது. நிறத்தை வயதுக்கு வையுங்கள்: இந்த ஆண்டு பொரித்தவை பச்சை, அடுத்த ஆண்டு மஞ்சள். கிழடு எது என்று தூரத்திலேயே தெரியும்.

பாகூர்: குஞ்சுக்கே போட்டுவிடலாமா அண்ணா?

போடலாம், ஆனால் வாரம் ஒருமுறை காலைப் பார்க்கத் தெம்பு இருந்தால் மட்டும். கால் பருக்கும், வளையம் பருக்காது. இறுகினால் தோலை அறுத்துச் சதைக்குள் போய்விடும். எது எந்தத் தாயின் குஞ்சு என்று தெரிந்தால் போதும் என்றால் கால் நகத்தில் நெயில் பாலிஷ் தடவுங்கள். அழிய அழியத் திரும்பத் தடவ வேண்டும். வளர்ந்த பெட்டைக்கு 16 மில்லிமீட்டர் பெரும்பாலும் சரியாக இருக்கும், சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிக்கு அதைவிடச் சின்னது. காலில் தாராளமாகச் சுழல வேண்டும், பாதம் வழியே கழன்று விழவும் கூடாது.

வில்லியனூர்: சார், வளையத்துக்குப் பதில் கேபிள் டை போடலாமா?

வளர்ந்த கோழிக்கு மட்டும். மீதி வாலை ஒட்ட நறுக்குங்கள், முனை குத்தக் கூடாது. ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம், ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

குறிஞ்சிப்பாடி: சேவலுக்கு வளையத்தைக் கால் முள்ளுக்கு மேலா, கீழா போடணும்?

மேலே. பெரிய அளவாக எடுங்கள்.

நெல்லிக்குப்பம்: வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போடும்போது ஒரே கோழி இரண்டு முறை கையில் மாட்டுது தம்பி.

8 வார ஊசிதானே அக்கா? எல்லாவற்றுக்கும் வலது காலில் வளையம் இருக்கட்டும். ஊசி போட்டதும் இடது காலுக்கு மாற்றிவிடுங்கள். சுருள் வளையம் என்றால் மாற்றுவது சுலபம். அப்படியே கால் செதிலையும் பாருங்கள். தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதில் பூச்சி. வளையத்தைக் கழற்றிவிட்டு, தேங்காய் எண்ணெய் சில நாள் தடவி, குணமான பிறகு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளையத்துக்குள் சேறு காய்ந்து இறுகும், அதையும் கழுவிவிடுங்கள்.