எடை கூடினால் வருமானம் கூடுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) வீரர்களுக்குத்தான் எப்போதும் அதிகப் பணமா?

பல காலம் அப்படித்தான் இருந்தது. 1971-இல் முகமது அலிக்கும் ஜோ ஃப்ரேசியருக்கும் ஆளுக்கு 25 லட்சம் டாலர் கிடைத்தது. ஆனால் 2015-இல் மேவெதரும் பாக்கியாவோவும் மோதியது வெல்டர்வெயிட்டில். வரம்பு 147 பவுண்டு, 67 கிலோகூடக் கிடையாது. அமெரிக்காவில் சுமார் 46 லட்சம் பேர் டிவியில் தனியாகக் காசு கட்டி அதைப் பார்த்தார்கள். எந்த ஹெவிவெயிட் போட்டியும் அதுவரை அவ்வளவு விற்றதில்லை. எதிரே நிற்கப் பெரிய பெயர் ஒன்று எந்தப் பிரிவில் இருக்கிறதோ, பணமும் அங்கேதான் போகும்.

கேள்வி: அப்படியென்றால் ஃப்ளைவெயிட் (மிகக் குறைந்த எடைப் பிரிவுகளில் ஒன்று) வீரர்கள் ஏன் பின்தங்குகிறார்கள்?

திறமை குறைவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யூ.எஃப்.சி-யில் டிமிட்ரியஸ் ஜான்சன் 125 பவுண்டு ஃப்ளைவெயிட் பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை காத்தார். அப்படிப்பட்டவரையே 2018-இல் 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற போட்டி நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். கூட்டம் சேர்க்கும் போட்டியாளர் அந்தப் பிரிவில் அமையவில்லை. அமெரிக்க ரசிகர்களுக்கும் நாக் அவுட் தரும் பெரிய உடம்புகள் மேல்தான் கண். இது அநியாயம் என்பதே என் கருத்து.

ஜப்பானில் கதை வேறு. நவோயா இனோவே 2014-இல் 108 பவுண்டில் உலகப் பட்டம் வென்றவர். 2024 மே மாதம், 122 பவுண்டில், டோக்கியோ டோமில் 40,000 பேருக்கு மேல் அவருக்காகத் திரண்டார்கள். 1990-இல் டைசன் தோற்ற அரங்கம் அது. அதற்குப் பிறகு 34 ஆண்டுகள் அங்கே குத்துச்சண்டையே நடக்கவில்லை! சொந்த ஊர் ரசிகர்கள் தூக்கிப் பிடித்தால் சின்ன எடையிலும் சம்பாதிக்கலாம்.

கேள்வி: பணத்துக்காக மேல் பிரிவுக்குப் போகலாமா?

உக்ரைன் குத்துச்சண்டை வீரர் உசிக் போனார். 2018-இல் ஹெவிவெயிட்டுக்குக் கீழே இருக்கும் க்ரூசர்வெயிட்டின் எல்லாப் பட்டங்களும் அவர் கையில் இருந்தன. ஆனாலும் ஜோஷுவா, ஃப்யூரி மாதிரி பெரிய வசூல் தரும் ஆட்கள் ஹெவிவெயிட்டில்தான் இருந்தார்கள். பாக்கியாவோவும் 112 பவுண்டில் முதல் உலகப் பட்டம் வென்று, 147 வரை ஏறிய பிறகுதான் பெரும்பணம் பார்த்தார். இருவருடைய வேகமும் மேலே போன பிறகும் குறையவில்லை. அது எல்லோருக்கும் வாய்க்காது.

கேள்வி: போட்டிக்கு முன் நிறுக்கும்போது எடை வரம்பைத் தாண்டிவிட்டால் சம்பளம் போய்விடுமா?

யூ.எஃப்.சி-யில் பொதுவாக 20 அல்லது 30 சதவீதம் பிடித்து எதிராளியிடம் கொடுப்பார்கள். பட்டப் போட்டியென்றால் ஜெயித்தாலும் பட்டம் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்றவைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சிறுநீரகம் கெடும்.