காபி ஆராய்ச்சிக்கு சுவிட்சர்லாந்து போகலாமா?

தம்பி, கிண்டி வேலையை விட்டுட்டு காபி வாசனை வேதியியலில் பிஎச்.டி. பண்ண சுவிட்சர்லாந்து போகலாமான்னு கேட்டிருக்கீங்க. "காபிப் பொடிக்கு டாக்டர் பட்டமா"ன்னு அப்பா சிரிக்கிறாராம். 1869-ல இலங்கைக் காபித் தோட்டத்துல இலைத்துரு நோய் வந்தப்ப, அதைத் தடுக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல. தோட்டம் தேயிலைக்கு மாறிடுச்சு. அதைச் சொல்லிப் பாருங்க.

என் கருத்து, போங்க. ஆனா அதுக்கு முன்னாடி டிசம்பர்ல கர்நாடகாவுல இருக்கிற பாலேஹொன்னூர் போயிட்டு வாங்க. மத்திய காபி ஆராய்ச்சி நிலையம் 1925-லேர்ந்து அங்கேதான் இருக்கு. (நம்ம பக்கம் தாண்டிக்குடியிலயும் ஒரு நிலையம் உண்டு.) அந்தப் பக்கத் தோட்டங்கள்ல அரபிகா பழத்தைத் தோலுரிச்சுத் தொட்டியில போட்டு, வழவழப்பு விடற வரைக்கும் ஊறவெச்சுக் கழுவுவாங்க. கை விட்டுப் பாருங்க, கொட்டை கரகரன்னு உரசினா பதம் சரி. ஊறல் அதிகமானா புளிச்ச வாடை கொட்டையிலேயே தங்கிடும், வறுத்தாலும் போகாது. ஐரோப்பிய லேபுக்கு வர்றது காய்ஞ்ச பச்சைக் கொட்டை மூட்டைதான், இதெல்லாம் அங்கே கண்ணுல படாது.

குளிரும் தனிமையும் பழகிடும். பில்டரை மட்டும் மறக்காம எடுத்துக்கோங்க. சிக்கரின்னா லேப்ல முகம் சுளிப்பாங்க, கண்டுக்காதீங்க.

கம்பெனி காசுல நடக்கிற ஆய்வுன்னா, முடிவை வெளியிட யார் அனுமதி தரணும்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுடுங்க.