மாவுக்கட்டு பிரித்த பிறகும் முழங்கையில் மேடு: அறுவைச் சிகிச்சை தேவையா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டு வயது மகன் ஐந்து மாதங்களுக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தபோது எலும்பு கூடிவிட்டது என்றார்கள். இப்போது முழங்கையின் முன்புறம் மேடு தெரிகிறது, கை முழுதாக மடங்கவில்லை. வலியே இல்லாதபோது அறுவைச் சிகிச்சை எதற்கு, வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

நீங்கள் விவரித்திருப்பது, இத்தாலிய அறுவை மருத்துவர் மான்டேஜியா 1814இல் விவரித்த காயத்தோடு பொருந்துகிறது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா முறியும்போது, கட்டைவிரல் பக்கத்து ரேடியஸின் தலை முழங்கை மூட்டிலிருந்து பிசகிவிடுகிறது. குழந்தைகளுக்கு அல்னா முறியாமல் வளைந்து மட்டும் போவதும் உண்டு என்பதால், எக்ஸ்ரேயில் முறிவை மட்டும் தேடும் கண்ணுக்குப் பிசகு தப்பிவிடுகிறது. எக்ஸ்ரேயில் ரேடியஸின் கழுத்து வழியே பென்சிலால் கோடு இழுத்தால், அது எந்தக் கோணத்திலும் மேற்கை எலும்பின் உருண்டை முனையின் நடுவே செல்ல வேண்டும். விலகினால் மூட்டு பிசகியிருக்கிறது.

காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கிண்ணம்போல் குழிந்திருக்க வேண்டிய ரேடியஸ் தலை, மூட்டுக்கு வெளியே வளர வளரக் குவிந்துவிடும்; பிறகு உள்ளே வைத்தாலும் தங்காது. நாளடைவில் முழங்கை வெளிப்புறம் கோணி, உட்புற நரம்பு இழுபட்டு, சுண்டுவிரல் மரத்துப்போகவும் கூடும். 12 வயதுக்குள்ளும், குறிப்பாக அடிபட்ட ஓராண்டுக்குள்ளும் செய்தால் பலன் பொதுவாக நன்றாக இருக்கிறது. உங்கள் மகனுக்கு இரண்டும் பொருந்துகின்றன.

பிசகிய தலையைத் தள்ளி உள்ளே வைப்பதுதான் சிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான வேலை அல்னாவில்தான் இருக்கிறது. வளைந்து கூடிய அந்த எலும்பை வெட்டி, சற்று நீட்டி, வளைந்த திசைக்கு எதிராகச் சிறிது கூடுதலாகவே சாய்த்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்தினால், இரு எலும்புகளையும் இணைக்கும் சவ்வு ரேடியஸை இடத்துக்கு இழுத்துவருகிறது. மூட்டில் அடைத்திருக்கும் தழும்புத் திசுவைப் பெரும்பாலும் அகற்ற வேண்டியிருக்கும். ரேடியஸைச் சுற்றியுள்ள வளையத் தசைநாரைப் புதிதாக அமைப்பதை, அதன் பிறகும் தலை நழுவினால் மட்டும் செய்வதே எனக்குச் சரியெனப்படுகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அமைப்பவர்களும் உண்டு. பின்னர் நான்கு முதல் ஆறு வாரம் மாவுக்கட்டு. மூட்டு மீண்டும் பிசகலாம், உள்ளங்கையைக் கவிழ்க்கும் அசைவு சற்றுக் குறையலாம். இவற்றை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணெய் தேய்த்து உருவுவதும் இழுத்துக் கட்டுவதும் கூடவே கூடாது, மூட்டு இறுகிப்போகும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கோ குழந்தைகள் எலும்பு அறுவையில் பழக்கமுள்ள வேறு மருத்துவரிடமோ செல்லும்போது, விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயை அவசியம் கொண்டுசெல்லுங்கள். மறு கையையும் படமெடுக்கச் சொல்லுங்கள், பிசகு பிறவியிலேயே இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்; பிறவியிலேயே பிசகிய மூட்டுக்கு இந்த அறுவை பொதுவாகப் பொருந்தாது. அறுவைக்கு முன், கட்டைவிரலை உயர்த்தி எல்லா விரல்களையும் நீட்டச் சொல்லி, அதை மருத்துவர் குறித்துக்கொள்ளும்படி கேளுங்கள். விரல்களை நீட்டும் நரம்பு ரேடியஸ் தலையை ஒட்டியே செல்வதால், அறுவை முடிந்தபின் ஒப்பிட அந்தக் குறிப்பு வேண்டும்.