குளம் பச்சையானதுக்குக் கோழி எருதான் காரணமுங்களா?

எங்க ஊர்க் குளம் பாசி பிடிச்சுக் கெடக்குதுங்க. சுத்தியும் அஞ்சாறு கோழிப்பண்ணை. ஐசோடோப் டெஸ்ட் எடுத்தா எந்தப் பண்ணைன்னு தெரிஞ்சிருமுங்களா? (பல்லடம்)

எந்தப் பண்ணை என்று தெரியாது. எருவா, சாக்கடையா, கடை உரமா என்பதுவரை சில சமயம் தெரியும்.

பாசியை வளர்ப்பது பெரும்பாலும் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து. ஐசோடோப் என்றால் ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணுக்கள். பாஸ்பரஸுக்கு நிலையான ஐசோடோப் ஒன்றே ஒன்றுதான், எடை 31. ஒப்பிட இன்னொன்று இல்லாததால் அதோடு ஒட்டித் திரியும் ஆக்சிஜனைப் பிடிக்கிறோம். தண்ணீரில் மணிச்சத்து பாஸ்பேட்டாக இருக்கும். ஒரு பாஸ்பரஸைச் சுற்றி நாலு ஆக்சிஜன். ஆக்சிஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு சுமார் 2 மட்டும் 18 எடை கொண்டவை. இந்த விகிதம் மூலத்துக்கு மூலம் கொஞ்சம் மாறும். அந்தப் பிணைப்பு லேசில் அறாது. சாதாரண வெப்பத்தில் சுற்றியுள்ள தண்ணீரோடு ஆக்சிஜனை மாற்றிக்கொள்ளாது.

ஆனால் உயிர் உள்ளே புகுந்தால் கதை வேறு. பாக்டீரியாவோ பாசியோ பாஸ்பேட்டை விழுங்கினால், செல்லுக்குள் இருக்கும் நொதி ஆக்சிஜனைத் தண்ணீரோடு மாற்றிவிடும். பிறகு அந்த விகிதம் தண்ணீரையும் அதன் வெப்பத்தையும்தான் சொல்லும். வந்த இடத்தைச் சொல்லாது. உங்கள் குளத்து மணிச்சத்து பாசியின் வயிற்றுக்குள் பலமுறை போய்வந்திருக்கும். பச்சையான குளத்தில் மாதிரி எடுப்பது, திருடன் போன பிறகு வாசல் கூட்டிவிட்டுக் கால்தடம் தேடுகிற மாதிரி. முதல் மழையில் ஓடைவாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். எருக்குவியல், சாக்கடை, உரம் மூன்றிலும் தனித்தனியாக மாதிரி வேண்டும். அப்போதும் எருவின் விகிதமும் சாக்கடையின் விகிதமும் ஒன்றுபோலவே இருந்து பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். இதை நம்பிப் பஞ்சாயத்து கூட்ட வேண்டாம்.

ஒரு பாட்டில் தண்ணி போதுமுங்களா? (காங்கயம்)

பாஸ்பேட் குறைவான தண்ணீரென்றால் பல லிட்டர் வேண்டும். அதிலிருந்து பாஸ்பேட்டை மட்டும் பிரித்து, மஞ்சள் நிற வெள்ளி பாஸ்பேட் பொடியாக்கி, 1,400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வரும் கார்பன் மோனாக்சைடை நிறை நிறமாலைமானியில் (அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவி) அளப்பார்கள். வேறு பொருளின் ஆக்சிஜன் துளி கலந்தாலும் கணக்கு தப்பும்.

கோழி எருவுல மட்டும் மணிச்சத்து ஏனுங்க இவ்வளவு? மாட்டுச் சாணத்துல அப்படி இல்லையே. (நாமக்கல்)

மக்காச்சோளம், சோயாவில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது. மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். கோழிக்கு அந்த வசதி குறைவு. அதனால் தீவனத்தில் டைகால்சியம் பாஸ்பேட்டை (டி.சி.பி.) சேர்க்கிறோம். செரிக்காததெல்லாம் எச்சத்தில் வருகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதியைச் சேர்த்து டி.சி.பி.யைக் குறைக்கலாம், குறைக்காமல் நொதி மட்டும் போட்டால் எருவில் பெரிய மாற்றம் இருக்காது. பைட்டேஸ் விடுவிக்கும் பாஸ்பேட்டில் நாலில் ஒரு ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வந்தது. ஆய்வாளருக்கு இதுவும் ஒரு தடயம்.

தென்னைக்கு வருசா வருசம் கோழி எரு போடறேன். அதனாலதான் கெணறு கெட்டுப்போச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சண்டைக்கு வர்றாருங்க. (பெருந்துறை)

கிணற்றில் முதலில் பார்க்க வேண்டியது நைட்ரேட். குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மணிச்சத்து செம்மண்ணில் இரும்போடும் சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் ஒட்டிக்கொள்ளும், எளிதில் கீழே இறங்காது. மழையில் மேல்மண் அரித்துப் போகும்போதுதான் ஓடைக்குப் போகும்.

ஐசோடோப்புக்குச் செலவழிக்கும் முன் சாதாரண மண் பரிசோதனை செய்யுங்கள். ஓல்சன் முறையில் எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் மணிச்சத்து இருந்தால் அதிகம் என்று பொருள். தழைச்சத்துக் (நைட்ரஜன்) கணக்கில் கோழி எரு போட்டால் மணிச்சத்து எப்போதும் மிஞ்சும். ஒரு வருடம் விட்டுப் போடுங்கள், வரப்பை உயர்த்துங்கள்.

ஆகாயத்தாமரையை அள்ளுனா போதாதுங்களா? (சிங்காநல்லூர்)

அள்ளிக் கரையில் குவித்தால் அழுகி அடுத்த மழையில் திரும்பக் குளத்துக்கே வரும். தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுங்கள். அடிச்சேற்றில் காற்று இல்லாதபோது பழைய மணிச்சத்தும் மேலே வரும், அதனால் ஒரு வருடத்தில் தெளியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.